கல்யாண முருங்கை லூரும் கடலூர் ஈரக்காற்றும்

இந்த ஐப்பசி மழையில் நான் பூசி உலர வைத்த லூர்கள் (மீனை ஏமாற்றும் மரத்தாலான பொய்யிரைகள்) மீண்டும் மேல்தோல் வெளுத்து, தொட்ட விரலில் பிசுபிசுப்பு ஒட்டும் நிலைக்கு வந்துவிட்ட எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். வீட்டிலேயே லூர் செய்து, தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தில் பல பருவங்களாகக் கொடுவா மீனுக்கு வீசி வருகிறேன். அடிப்படைச் செய்முறை இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால், நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவந்ததை மட்டும் சொல்கிறேன்.

மரத்தைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேலியோரத்தில் கழித்துப்போட்ட கல்யாண முருங்கைக் கிளையே போதும். நடுவிலுள்ள சோற்றுப் பகுதியை விலக்கிப் பிளந்து நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டால், பேனாக்கத்திக்கே இணங்கும் மென்மையும் தண்ணீரில் அமுக்கி விட்டால் துள்ளி எழும் லேசும் அதற்கு வந்துவிடுகின்றன. வயிற்றுப் பக்கம் காடி அறுத்து, மூக்கிலிருந்து வால்வரை 304 தர ஸ்டெயின்லெஸ் கம்பியை ஒரே துண்டாக ஓட்டிவிடுவேன். கட்டை பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். வலைக்கடையில் கிலோக் கணக்கில் விற்கும் ஈயக்குண்டை எடைக்காக, உருக்காமல் உளியால் நறுக்கியே பதிக்கிறேன், ஏனென்றால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் ஈயப்புகை வரக்கூடாது. ஈயத்தை ஒட்டுவதற்கு முன் லூரை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, முதுகு நேராக நிற்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்று பார்த்து, துண்டை நெல்லளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இதன் நீச்சல் நான் எதிர்பாராத மகிழ்ச்சி. கடையில் வாங்கிய கனமான பிளாஸ்டிக் லூர் துடிக்க வேண்டுமென்றால் சற்று வேகமாகவே இழுக்க வேண்டியிருக்கிறது. இதுவோ ரீலை மிக மெதுவாகச் சுற்றும்போதே வாலை இருபுறமும் அடிப்பது கோலின் நுனி வழியாகக் கைக்குத் தெரிந்துவிடுகிறது. வற்றம் (கடல்நீர் இறங்குவது) தொடங்கிய நேரத்தில் பாலத் தூணை ஒட்டி இழுத்து, சட்டென்று நிறுத்தினால் லூர் மெல்ல மேலெழும். கொடுவா பெரும்பாலும் அப்போதுதான் அடிக்கிறது. லூர் இடப்புறம் ஒதுங்கி ஓடினால் மூக்கு வளையத்தைக் குறட்டால் வலப்புறம் மயிரிழை அளவு வளைத்தால் நேராகிவிடும். மூக்கடியில் பொருத்தும் பாலிகார்பனேட் தகடான நாக்கைச் செங்குத்தாக இறக்கினால் மேல்மட்டத்திலும், உடலின் நேர்கோட்டை நோக்கிப் படுக்க வைத்தால் ஆழத்திலும் நீந்தும். நம் ஆற்றின் ஆழத்துக்கு நாமே வெட்டிக்கொள்ளும் இந்த வசதியை எந்தக் கடையும் தரமுடியாது.

இத்தனை உழைப்பும் கெடுவது மேற்பூச்சில். ஃபின்லாந்தின் லௌரி ரபாலா 1936-இல் தக்கையில் தம் முதல் லூரைச் செதுக்கியபோது, சாக்லேட் சுற்றும் வெள்ளித்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசித்தான் தண்ணீரைத் தடுத்தார். அப்போதே இது எளிய காரியமாக இருக்கவில்லை. நமக்கு ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து பூசும் எபாக்ஸி கிடைக்கிறது, ஆனால் கடலோர மழைக்காற்று அதை இறுகவிடுவதில்லை. ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள்கள் ரெசினோடு முழுவதும் சேரும் முன்பே மேற்பரப்புக்கு வந்து, காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து வெண்படலமாகின்றன. அந்தப் படலம் நீரில் கரையும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் கழுவி உப்புத்தாள் போட்டு மறுபூச்சு கொடுக்கலாம். கழுவாமல் மேலே பூசினால் இரண்டாவது பூச்சு நகம் பட்டாலே உரிந்து வரும்.

நான் வாங்கும் ரெசின் புட்டியில் கலவை விகிதம் 2:1 என்று அச்சிட்டிருக்கிறார்களே தவிர, எடைக்கா, கன அளவுக்கா என்று ஒரு சொல்லும் இல்லை. ரெசின் ஹார்ட்னரைவிட அடர்த்தியானது. ஆகவே தராசில் நிறுத்த 2:1 வேறு, குவளையில் ஊற்றிய 2:1 வேறு. விற்றவரிடம் கேட்டதற்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். இரண்டும் ஒன்றல்ல, அதைச் சரியாக அச்சிட ஒரு வரி போதும், அந்த ஒரு வரிக்கும் மனமில்லாதவர்கள் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஆனாலும் இதே புட்டி மாசி, பங்குனியில் குறை சொல்ல முடியாதபடி இறுகுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூசிய லூர் சுழன்றுகொண்டே காய வேண்டும். அதற்குப் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய, மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் பழைய மோட்டார் வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று சரியான வேகம். மழை இரவில் கரண்ட் போனால் அது நின்றுவிடும், இறுகாத பூச்சு வயிற்றுக்கு வழிந்து சொட்டாகத் திரளும். வாளியில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பதித்த ஈயத்தின் கணக்கை அந்த ஒரு சொட்டு கெடுத்துவிடுகிறது. ஈரத்தாலேயே இறுகும் பாலியூரித்தேனையும் பயன்படுத்தினேன். லூரின் மேல் அருமையாக இறுகியது; மூடியைத் திறந்த பிறகு டப்பாவுக்குள்ளும் அதே அருமையோடு இறுகிவிட்டதால் பாதியைத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று.

தாமும் இதைத் தொடங்கலாமா என்று புதுச்சேரி நண்பர் ஒருவர் கேட்டபோது, வேண்டாம், கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மரம் இலவசம் என்றாலும் நல்ல மூன்றுமுனைத் தூண்டில்முள்ளும் வளையமும் காசுக்குத்தான் வரும். அவற்றில் மிச்சம்பிடித்தால் உப்புத்தண்ணீர் சில வாரங்களில் துருவேற்றிவிடும். ரெசினையும் சேர்த்தால் பணம் மிச்சமாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் இந்த மழைக்காலம் முழுவதும் கட்டைகளைச் செதுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு வைக்கப் போகிறேன். தை பிறந்து காற்று காய்ந்த பிறகுதான் ரெசின் புட்டியைத் திறப்பேன்.