முசுறும் கறையானும்: ஒரே காடு, இரண்டு வீடு

பாபநாசத்திலிருந்து முண்டந்துறைக் காட்டுக்கு ஏறும் வழியில் மரக்கிளையை அசட்டையாகத் தொட்டவர்களுக்கு முசுறு எறும்பைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கு இல்லை. கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அந்த எரிச்சல் போதும்.

ஆனால் அதன் வீடு அழகு. வேலைக்கார எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி, பச்சை இலைகளை இழுத்துச் சேர்க்கும். வளர்ந்த எறும்பிடம் நூல் கிடையாது. அதன் குஞ்சான புழுவுக்குத்தான் பட்டு சுரக்கும். ஆகவே புழுவை வாயில் பிடித்து, தறியில் நாடா ஓட்டுவதுபோல் இங்கும் அங்கும் ஓட்டித் தைக்கும். பத்தமடைப் பாய் நெசவைப் பார்த்த கண்ணுக்கும் இது வியப்புதான்.

கறையானை 'வெள்ளை எறும்பு' என்பார்கள். உறவுமுறையில் அது கரப்பான்பூச்சிக்குத்தான் பங்காளி. வெயில் பட்டால் வாடிப்போகும் மெல்லுடல், பெரும்பாலும் பார்வையும் இல்லை. அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கூரை வேய்ந்த பாதையிலேயே நடக்கும். முசுறு பகல் வெளிச்சத்தில் வேட்டையாட, இது புற்றுக்குள் விவசாயம் செய்கிறது. மென்று கழித்த மரத்தூளில் பூஞ்சை வளர்த்துத் தின்னும். மழைக்குப்பின் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதே. அதே மழைக்குக் கறையான் ஈசலாகப் பறந்து, சிலரது வறசட்டியிலும் விழும்.

நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், என் ஓட்டு கறையானுக்கு. வீட்டு உத்தரத்தில் ஏறாதவரை.