ஏறாத ஆளுக்கும் சீட்டு: வேலூரிலிருந்து தீம் பார்க் போனால் எவ்வளவு ஆகும்?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். வருஷத்துக்கு ஒரு தடவை ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு என்று எங்காவது கிளம்புவோம். ஆன செலவை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். 2013-ல் மகனுக்கு இரண்டு வயது. சென்னைப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் பஸ்ஸில் போய் அன்று இரவே திரும்பினோம். பஸ், சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய் என்று நோட்டில் இருக்கிறது. இந்த வருஷம் அதே ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டாயிரத்தில் வந்து நிற்கிறது.

அன்றைக்குச் சீட்டு மூன்று, இன்றைக்கு ஐந்து. பஸ்ஸுக்குப் பதில் கார். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் பெரியதுதான். தாளும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருந்தபோது அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எனக்கு இன்னாத்துக்குடா ஆயிரத்துக்கு மேல? நான் இன்னா அதுல ஏறவா போறேன்?”

பதில் சொல்ல முடியவில்லை. வேலூர்க் குடும்பம் ஒன்றுக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் திருப்போரூர்

இப்போது எல்லார் வாயிலும் இருப்பது இதுதான். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. 64 ஏக்கர், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, நாற்பதுக்கு மேற்பட்ட ராட்டினங்கள். தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். மகன் அதன் வீடியோவை எத்தனை முறை பார்த்தான் என்று எண்ணவே முடியாது.

வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போனால் சுமார் 140 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினால் திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருக்கலாம், ராத்திரி வீடு திரும்பலாம், லாட்ஜ் செலவு இல்லை. இதுநாள் வரை இந்த நிறுவனத்தின் பூங்காவுக்குப் போக பெங்களூரு தாண்டிப் போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் குறைந்தது உண்மையிலேயே பெரிய லாபம்.

சீட்டுக்கு வருவோம். திறந்தபோது அறிவித்த தொடக்க விலை வரியோடு 1,489 ரூபாய். சனி, ஞாயிறு, பண்டிகை நாள் என்றால் ஏறும். குழந்தைச் சீட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை, அதற்கு மேல் பெரியவர். பதினான்கு வயது மகன் என்னைவிட இரண்டு விரல் உயரம், ஆகவே முழுச் சீட்டு. அம்மாவுக்கு முதியோர் சலுகை கொஞ்சம் உண்டு. குறைந்த விலை நாளாகவே பார்த்துப் போனாலும் ஐந்து பேருக்கும் ஏழாயிரத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது.

அதில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது தீம் பார்க்குகளுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் பல பொருட்களுக்கு வரி இறங்கியபோதும் இது 18-லேயே நின்றுவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இடத்துக்கு இவ்வளவு வரி எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சீட்டோடு முடிந்தால் பரவாயில்லை. கைக்குழந்தைக்கானதைத் தவிர வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. 2013-ல் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மரத்தடியில் உட்கார்ந்து நால்வருமாகச் சாப்பிட்டோம், அந்த வேளைக்கு நோட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை. இப்போது ஐந்து பேருக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஏதாவது, லாக்கர், தண்ணீர் என்று இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஒதுக்க வேண்டும். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது, நைலான் உடுப்பு வேண்டும். அதை வேலூர் லாங்கு பஜாரிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், பூங்கா வாசலில் வாங்காதீர்கள். பெட்ரோலும் சுங்கமும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல். மொத்தம் அந்தப் பன்னிரண்டாயிரம்.

வரிசையில் நிற்காமல் போக ஃபாஸ்ட் டிராக் என்று தனிச்சீட்டும் உண்டு, அதற்குக் கூடுதல் காசு. எனக்கு மனசு ஒப்பாதது இது ஒன்றுதான். சாதாரணச் சீட்டு வாங்கிய பிள்ளை முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கும்போது, இன்னொரு பிள்ளை பக்கத்து வாசலில் நேராக உள்ளே போகிறது. அந்தப் பிள்ளை முன்னால் போனதும் நம் பிள்ளையின் நேரம் நீள்கிறது. நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய நேரம் அது.

பிடதி

மைசூரு சாலையில் 2005-ல் திறந்த பெங்களூரு வொண்டர்லா. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பல வருஷமாகச் சுற்றுலா போகும் இடம். மரங்கள் வளர்ந்து நல்ல நிழல். திருப்போரூருக்கு இந்த நிழல் வர இன்னும் சில வருஷம் ஆகும். மே மாத வெயிலில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் போய்வர ஐந்நூறு கிலோமீட்டர். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று வழியெல்லாம் சுங்கச்சாவடி. ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஓட்டுகிறவர் படும் பாடு நான் பட்டிருக்கிறேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். ராத்திரி தங்கினால் லாட்ஜும் இரண்டு வேளைச் சாப்பாடும் கூடி, மொத்தம் பதினேழு பதினெட்டாயிரம் ஆகிவிடும். காட்பாடியிலிருந்து பகல் ரயிலில் பெங்களூரு போய், அங்கிருந்து மைசூரு பாதை ரயிலில் பிடதியில் இறங்கினால் வழிச்செலவு பாதிக்கும் கீழே. பெரிய பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு அது சரி. முட்டி வலிக்காரியான அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு ரயில் மாற என்னால் ஆகாது. திருப்போரூர் வந்தபிறகு, பெங்களூரில் சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒழிய வேலூர்க்காரர் பிடதி போகக் காரணம் இல்லை.

பழஞ்சூர்

இங்கே இருக்கும் குயின்ஸ்லேண்ட் பூங்காவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். நம் நெடுஞ்சாலையிலேயே, பூந்தமல்லிக்கு முன்னால் இருக்கிறது. வேலூரில் பூந்தமல்லி வழி சென்னைப் பஸ் ஏறினால் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். கார் இல்லாத குடும்பத்துக்கு நான்கில் எளிதான வழி இதுவே, சீட்டும் திருப்போரூரைவிடக் குறைவு. ரோப் கார் உண்டு, அதில் அம்மாவும் பயமில்லாமல் உட்காருவார். மகனுக்கு மட்டும் இங்கே இருக்கும் ராட்டினங்கள் இப்போது போதாது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் பன்னிரண்டாயிரத்துக்கு ஓடாமல் முதலில் இங்கே வாருங்கள்.

நடுவில் அமெரிக்கக் கணக்கு ஒன்று

என் மைத்துனர் கலிபோர்னியாவில் இருக்கிறார். டிஸ்னிலேண்ட் போய்வந்த செலவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அந்தப் பூங்காவில் ஒரு நாள் சீட்டின் உச்ச விலை 2025 அக்டோபரில் 224 டாலர் ஆனது. குறைந்த விலை நாளுக்கு 104 டாலர்தான். ஆனால் பள்ளி விடுமுறையில் அந்த நாள் கிடைக்காது. வரிசை தாண்டும் வசதி 1999-ல் வந்தபோது இலவசம், 2021 முதல் அதற்கும் தனிக் காசு. நம் ஊர்ப் பூங்காக்களில் இன்று பார்க்கும் நாளுக்கொரு விலையும் வரிசைக்கொரு விலையும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன.

அதன் பழைய கதையைப் படித்தபோதுதான் அம்மாவின் கேள்விக்கு விடை தெரிந்தது. 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நுழைவுக்கு ஒரு டாலர், குழந்தைக்கு அரை டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 12 டாலர். உள்ளே ஏறும் ராட்டினத்துக்குத் தனித்தனியாக 10 முதல் 35 சென்ட். சில மாதத்திலேயே சீட்டுப் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள், எதில் ஏறுகிறோமோ அதற்கு ஒன்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஏறாத பாட்டி நுழைவுக் காசு மட்டும் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். 1982-ல் அந்தப் புத்தகத்தை நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே சீட்டு, எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று மாற்றினார்கள். அப்போது விலை 12 டாலர். இப்போது நம் பெரிய பூங்காக்களில் இருப்பதும் இந்த ஒற்றைச் சீட்டு முறைதான்.

இந்த முறையை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. என் மகன் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருபது தடவை ஏறுவான். அவனுக்கு 1,489 ரூபாய் மலிவு. நஷ்டமெல்லாம் ஏறாத ஆளுக்கு. ஆசை அதிகமுள்ள பிள்ளையின் செலவில் ஒரு பங்கை, நிழலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் சீட்டு ஏற்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நால்வராகப் போகிறவர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. தாத்தா பாட்டியோடு சேர்ந்து போகும் நம் வீடுகளில்தான் அடி பலமாக விழுகிறது.

குடியாத்தம் ராட்டினம்

1982-ல் டிஸ்னிலேண்ட் விட்டுவிட்ட அந்த முறை, வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் இன்னும் உயிரோடு இருக்கிறது. நுழைவுக் காசு கிடையாது. ராட்சத ராட்டினம், கொலம்பஸ், டோரா டோரா, மரணக் கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் அங்கங்கே காசு. போன வருஷம் நாங்கள் கொடுத்தது ராட்டினத்துக்குத் தலைக்கு 80 ரூபாய். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு ஐந்தில் ஏறினார்கள், 800 ரூபாய். மனைவி இரண்டில். பஜ்ஜி, கரும்புச் சாறு, வளையல், பஸ் எல்லாம் சேர்த்து 1,900-ல் முடிந்தது. அம்மா அம்மன் சிரசைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் ராட்டினத்தின் கீழே நின்று மேலே போன பேத்தியைப் பார்த்து, “கம்பிய கெட்டியா புடிச்சிக்கோடி!” என்று கத்தினார். அவருக்கு ஒரு பைசா செலவில்லை.

பாதுகாப்பை மறைக்கக் கூடாது. மூன்று நாளில் மாட்டி மூன்று நாளில் கழற்றும் ராட்டினத்தையும், தினமும் சோதித்து ஓட்டும் பூங்கா ராட்டினத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பூங்கா என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுவிட, மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர்தான் இறக்கினார்கள். திருவிழாவில் நான் கொலம்பஸ் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை. இடுப்புக் கம்பி சரியாகப் பூட்டுகிறதா என்று நானே கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதில் ஏற்றுவேன்.

ராட்டினமே வேண்டாம் என்கிற வீட்டுக்கு அமிர்தி விலங்குப் பூங்கா இருக்கிறது, ஏலகிரி மலை இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் சனிக்கிழமை பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். என் மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

எங்கள் முடிவு

திருப்போரூர்தான். ஆனால் ஐந்து சீட்டு வாங்கப் போவதில்லை. எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம், பெரிய ராட்டினத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே மனைவியையும் பிள்ளைகளையும் காலையில் வாசலில் இறக்கிவிட்டு, நானும் அம்மாவும் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போகிறோம். பனைமரத்தில் தானாகத் தோன்றிய முருகன், அம்மா ரொம்ப நாளாகப் பார்க்க ஆசைப்பட்ட கோயில். மதியத்துக்கு மேல் மாமல்லபுரம், அங்கே தொல்லியல் துறைச் சீட்டு 40 ரூபாய். இதில் இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் மிச்சம். ஆனால் பேரப்பிள்ளைகள் அலறுவதை அம்மா பார்க்க முடியாது. இப்படிப் பிரிந்து போவதை நான் சந்தோஷமாகச் செய்யவில்லை. அம்மாவுக்குக் கட்டணமே இல்லாமலோ, நுழைவுக்கு மட்டும் நூறு ரூபாயிலோ ஒரு பார்வையாளர் சீட்டு இருந்தால் ஐந்து பேரும் சேர்ந்தே போவோம்.

நாளும் பார்த்து வைத்திருந்தேன். வேலூர் மாவட்டத்துக்கு மட்டும் விடும் உள்ளூர் விடுமுறை மற்ற ஊருக்கு வேலைநாள். பள்ளியும் கெடாது, சீட்டும் ஏறாது, வரிசையும் குறைவு. அதோடு மகள் இப்போது 138 சென்டிமீட்டர். மே வரை விட்டால் 140-ஐத் தாண்டிவிடுவாள், குழந்தைச் சீட்டு போய்விடும். அதற்குள் போனால் முந்நூறு ரூபாய் மிச்சம் என்று அவளிடமே சொன்னேன்.

அவள் முகம் வாடிவிட்டது. பெரிய ராட்டினங்களில் ஏற உயரக் கட்டுப்பாடு உண்டு என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறான். இப்போது போனால் அவன் மேலே தொங்கிக்கொண்டு போவதை அவள் கீழே நின்று பார்க்க வேண்டும். பாட்டிக்கு ஆகாதது பேத்திக்கு மட்டும் எப்படி ஆகும்? பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் சமையலறைச் சுவரோரம் குதிகாலை ஒட்டி நின்றுகொண்டு, பென்சிலை என் கையில் கொடுக்கிறாள்.