சதுரமாக வெட்டும் இரண்டு பீட்சா: செயின்ட் லூயிஸா, சிகாகோவா?

அமெரிக்காவின் மெல்லிய பீட்சா என்றால் நியூயார்க்கில் மடித்துச் சாப்பிடும் முக்கோணத் துண்டுதான் பலருக்கும் தெரியும். அதைவிட மெல்லிய இரண்டு வகைகள் நாட்டின் நடுப்பகுதியில் இருக்கின்றன. ஒன்று மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் வகை, மற்றது சிகாகோவின் 'டாவர்ன்' (மதுக்கடை) வகை. இரண்டையும் மடித்தால் முறிந்துவிடும். இரண்டையும் சதுரம் சதுரமாகத்தான் வெட்டுவார்கள். படத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சுவையில் நெருக்கமே கிடையாது.

செயின்ட் லூயிஸ் பீட்சாவின் மாவில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பொங்காத மாவைத் தேய்த்துச் சுடுவதால் அப்பளம் போல உடைகிறது. மேலே ஓரிகானோ தூக்கலான, கொஞ்சம் இனிப்பான தக்காளி சாஸ். சண்டை எல்லாம் அதற்கு மேல் போடும் புரொவெல் பற்றித்தான். செடார், சுவிஸ், புரொவலோன் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பதப்படுத்திய சீஸ் அது. லேசான புகை மணம் இருக்கும். 1940-களில் அந்த ஊரிலேயே உருவானது. 1964-இல் எட் இமோ, மார்ஜி இமோ தம்பதி தொடங்கிய 'இமோஸ் பீட்சா' அதை ஊரின் அடையாளமாக்கியது. வெளியூர்க்காரர்கள் இதை "சீஸே இல்லை, பல்லில் ஒட்டுகிறது" என்று திட்டுவார்கள்.

எனக்கு அந்தத் திட்டு நியாயமாகப் படவில்லை. வழக்கமாகப் பீட்சாவில் போடும் மொசரெல்லா சீஸ் நூல் நூலாக இழுபடும். சிறிய சதுரத்தைக் கடித்தால் மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து வந்துவிடும். புரொவெல் இழுபடாது. சீக்கிரம் உருகி, சாஸோடு கலந்து, கடித்த இடத்தில் சுத்தமாக அறுபடும். இவ்வளவு மெல்லிய அடிக்கு அதுதான் பொருத்தம். ஆனால் சூடு ஆறினால் இறுகிவிடும் என்பது உண்மையான குறை.

சிகாகோ என்றால் 1943-இல் பீட்சேரியா உனோ தொடங்கிவைத்த ஆழமான 'டீப் டிஷ்' பீட்சாவைத்தான் வெளியுலகம் சொல்லும். அது பெரும்பாலும் ஊர் சுற்ற வருபவர்கள் தேடுவது. உள்ளூர்க்காரர்கள் வழக்கமாக வாங்குவது இந்த மெல்லிய வகையைத்தான். மதுக்கடைகளில் பிறந்தது இது. ஒரு கையில் பீர் கோப்பை இருக்கும்போது தட்டு இல்லாமல் காகித நாப்கினில் எடுத்துச் சாப்பிட சின்னச் சதுரம் வசதி. நகரின் தென்பகுதியில் உள்ள 'விட்டோ அண்ட் நிக்ஸ்' இதற்குப் பேர்போன கடை.

இங்கே மாவில் ஈஸ்ட் உண்டு. பல கடைகளில் தேய்த்த மாவை ஓரிரு நாள் குளிரில் வைத்து உலரவிடுகிறார்கள். பொறுமையாகப் புளித்த மாவுக்கே உரிய சுவை அதில் வருகிறது. சோம்பு சேர்த்த பன்றி இறைச்சி சாசேஜைப் பச்சையாகவே கிள்ளிப் போட்டுச் சுடுவதால் அதன் கொழுப்பும் சாஸில் இறங்குகிறது. காரமான காய்கறி ஊறுகாயான ஜார்டினேராவையும் சேர்த்தால் நம் நாக்குக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் ஓட்டு சிகாகோவுக்கே. மேலே எதுவும் இல்லாத ஓரத் துண்டைத் தனியாகக் கடித்தாலும் ருசிக்கிறது. செயின்ட் லூயிஸ் வகையில் அந்த ஓரத்துக்கென்று பெரிய சுவை கிடையாது. சாஸும் சீஸும்தான் தாங்குகின்றன. சைவம் சாப்பிடுபவர்கள் விஷயத்தில் மட்டும் கணக்கு மாறும். சாசேஜ் இல்லாத டாவர்ன் பீட்சா பாதி பலத்தை இழந்துவிடுகிறது. அவர்களுக்கு வெங்காயம், குடைமிளகாய் போட்ட செயின்ட் லூயிஸ் வகையையே சொல்வேன். வீட்டில் அன்றைக்கே செய்து சாப்பிடவும் அதுதான் எளிது, மாவு பொங்கக் காத்திருக்க வேண்டாம்.

பார்சல் மட்டும் வேண்டாம். மூடிய பெட்டியின் ஆவியில் இரண்டுமே நமத்துப்போகும். அப்படியும் மிச்சமானால், சிகாகோ துண்டுகளை எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் வையுங்கள். அடி மறுபடி மொறுமொறுப்பாகும்.