நாளை இரவு 9.15 ஆட்டம்: காரைக்காலில் ஒரு தேநீர்க்கடை முற்றம்

நாளை, 2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை இரவு 9.15 மணிக்குத் தோஹாவில் கத்தாரை எதிர்த்து இந்தியா ஆடுகிறது. 2026 கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளின் இரண்டாம் சுற்றில் நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆட்டம் இது. இதைக் காரைக்காலில் எங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்று சென்ற வாரத்திலிருந்து நண்பர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். இருபது பேர் கூடுதலாக வந்தால் உட்கார வைக்க இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம். பாரதியார் சாலையிலிருந்து அரசலாற்றுப் பக்கம் இறங்கும் சந்துகளில் ஒன்றில் அது இருக்கிறது. ஆட்ட நாளன்று சந்தின் முனையில் நிற்கும் இருசக்கர வண்டிகளின் வரிசையே வழி காட்டிவிடும்.

முன்பக்கம் பார்த்தால் சாதாரணத் தேநீர்க்கடைதான். பாய்லர், பன் பாட்டில், வாழைத்தார், இரண்டு பெஞ்சு. அடுப்படியைத் தாண்டி உள்ளே போனால் பழைய ஓட்டு வீட்டின் முற்றம் வருகிறது. அதன் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் ஆண்டுதோறும் புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அதுதான் திரை. 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக்காக வாங்கிய புரொஜெக்டர் எதிர்த் தாழ்வாரத்து உத்தரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் நீலத் தார்ப்பாய் விரித்து அறுபது பேர் வரை உட்காரலாம். வயதானவர்களுக்குத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. படத்தின் தெளிவைப் பற்றி மிகையாகச் சொல்ல மாட்டேன். மாலை ஏழு மணி ஆட்டத்தில், முற்றத்துக்கு மேலே வானம் முழுதும் இருளாத முதல் பத்து நிமிடங்களுக்குப் பந்து எங்கிருக்கிறது என்பதை வீரர்கள் ஓடும் திசையைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது. நாளைய ஆட்டம் ஒன்பதே காலுக்கு என்பதால் அந்தக் குறை இராது.

பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனமும் உள்ள உணவகங்கள் ஊரில் வேறு இருக்கும்போது இங்கே ஏன் போக வேண்டும் என்று கேட்பது நியாயமே. என் பதில், ஆட்டத்துக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்துக்காகப் போக வேண்டும் என்பதாகும். எதிர்பார்ப்பு என்பதை ஒரு கடை எப்படி நடத்த வேண்டும் என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இளைஞர்கள் அவரை "நானா" என்றும் வெளியூர்க்காரர்கள் "பாய்" என்றும் அழைக்கிறார்கள். ஆட்ட நாளில் மாலை முதலே, வழக்கமாக அன்றைய பலகாரங்களின் விலையை எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அவர் புள்ளிப் பட்டியலை எழுதத் தொடங்கிவிடுவார். நேற்று அதில் இருந்தது இது: கத்தார் 13, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5, குவைத் 4. பக்கத்திலேயே கோல் வித்தியாசம்: இந்தியாவுக்குக் கழித்தல் 3, ஆப்கானிஸ்தானுக்குக் கழித்தல் 10, குவைத்துக்குக் கழித்தல் 1.

இந்தப் பலகையைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்பதற்கே ஒரு தேநீர்க் காசு கொடுக்கலாம். பிரிவில் முதல் இரு இடம் பெறும் அணிகளே மூன்றாம் சுற்றுக்குப் போகும். அவையே 2027-இல் சவூதி அரேபியாவில் நடக்கவுள்ள ஆசியக் கோப்பைக்கும் நேரடியாகத் தகுதி பெறும். கத்தார் முன்பே தேறிவிட்டது. நாம் நாளை வென்றால் எட்டுப் புள்ளிகளோடு ஏறத்தாழ வேறு கணக்கே தேவையில்லாமல் உள்ளே போய்விடுவோம். டிரா செய்தால், அதே இரவு குவைத்தில் நடக்கும் குவைத் – ஆப்கானிஸ்தான் ஆட்டமும் டிராவாக முடிய வேண்டும்; அங்கே எவர் வென்றாலும் நமக்குக் கதவு அடைபடும். தோற்றால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. இதைக் கடைக்காரர் மூன்று முறை விளக்கியும் ஒரு பெரியவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் திருநள்ளாறு பக்கத்து விவசாயி ஒருவர், "மேலமடைக்காரன் அடைச்சாத்தான் நமக்குத் தண்ணி வரும்ங்கிற கதைதான் பெரியப்பா" என்றார். கடைமடையில் பிறந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த ஜூன் மாதத்தில் முற்றம் நிறைவதற்குக் காரணம் கால்பந்து மட்டும் இல்லை. வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட வேண்டும். இந்த ஆண்டு அணையில் நீர் இல்லாததால் அந்தத் தேதிக்குத் திறப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்திருக்க வேண்டியவர்கள், ஆழ்குழாய்க் கிணறு இல்லாத காரணத்தால், தேநீர்க் குவளையோடு தார்ப்பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மீனவர்களின் நிலையும் அதுவே. ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீள்வதால் விசைப்படகில் வேலை செய்வோர் கரையில் இருக்கிறார்கள். இவர்களோடு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு மூன்று பெரியவர்களும் வருகிறார்கள். அவர்களுடைய மனம் வெள்ளிக்கிழமை தொடங்கும் யூரோ கோப்பையில் இருக்கிறது என்பது வேறு செய்தி; ஆயினும் இந்தியா ஆடும் நாளில் நாற்காலி பிடிப்பதில் அவர்கள்தான் முதல் ஆட்கள்.

சென்ற வியாழக்கிழமை, ஜூன் 6 அன்று, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்த குவைத் ஆட்டத்தை நான் இங்கேதான் பார்த்தேன். நாட்டுக்காகத் தன் கடைசி ஆட்டம் என்று அணித்தலைவர் சுனில் சேத்ரி மே 16-ஆம் தேதி அறிவித்திருந்த ஆட்டம் அது. கடைக்காரர் சேத்ரியின் 11-ஆம் எண் சட்டை அணிந்து பாய்லருக்குப் பின்னால் நின்றார். அந்தச் சட்டையை அவர் மறுநாளும் மாற்றவில்லை என்று கேள்விப்பட்டேன். நவம்பரில் குவைத் நகரத்திலேயே மன்வீர் சிங் அடித்த கோலால் 1-0 என்று வென்றிருந்தோம் என்பதால் எல்லோரும் வெற்றியை முன்கூட்டியே பங்கு போட்டுவிட்டார்கள். ஆனால் இடைவேளை முடிந்து திரும்பிய சிறிது நேரத்தில் ரஹீம் அலி கோல் காப்பாளரை மட்டுமே எதிரே வைத்துக்கொண்டு வாய்ப்பைத் தவறவிட்டபோது முற்றத்தில் எழுந்த ஓசை, வாய்க்காலில் மடை உடைந்த சத்தத்தைப் போன்று இருந்தது. 0-0 என்று முடிந்தது. சேத்ரி கண்ணீரோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது யாரும் எழுந்து போகவில்லை. 151 ஆட்டங்கள், 94 கோல்கள் என்ற எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, கடைக்காரர் யாரிடமும் காசு கேட்காமல் ஒரு சுற்றுத் தேநீர் கொடுத்தார். வணிகமாகப் பார்த்தால் அது தவறு. கூட்டம் முழுதும் ஏற்கெனவே டோக்கன் வாங்கியவர்கள்தான்.

அந்த ஏமாற்றத்தைவிட ஆழமான ஒன்று மார்ச் மாதத்தில் நிகழ்ந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஆப்கானிஸ்தானோடு சவூதியின் அபா நகரில் 0-0. ஐந்து நாள் கழித்து குவாஹாட்டியில், சேத்ரியின் 150-ஆவது ஆட்டத்தில், அவரே பெனால்டி அடித்து முன்னிலை தந்த பிறகும் 1-2 என்று தோல்வி. அந்த இரு ஆட்டங்களில் ஒன்றை வென்றிருந்தால் நாளை இரவு நாம் இவ்வளவு எண்ணிக்கொண்டிருக்கத் தேவை இருந்திராது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சைப் பற்றி இங்கே பேசப்படுவதைப் பொதுவெளியில் எழுத முடியாது.

உணவைப் பற்றிச் சொல்லாமல் கடை மதிப்பீடு முழுமையாகாது. இங்கே முதலில் சாப்பிட வேண்டியது வாடா. காரைக்கால், நாகூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது வடையின் தவறான உச்சரிப்பு அன்று என்பது தெரியும். அரிசி மாவில் வெங்காயம் சேர்த்துத் தட்டி, மேலே இறால் பதித்து எண்ணெயில் பொரிப்பது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வியாழனன்று இறால் சிறுத்திருந்ததைக் குறையாகச் சொன்னேன். "தடைக்காலம் சார், பண்ணை இறால்தான், பதினஞ்சு தேதிக்கு மேல வாங்க" என்று பதில் வந்தது. பரோட்டா சுமார்தான், சால்னா அதைத் தூக்கி நிறுத்துகிறது. இஞ்சித் தேநீரில் சர்க்கரை அதிகம், சொன்னால் குறைத்துத் தருவார்கள். இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுவதால், பசியோடு இருப்பவர்கள் நாற்பதாவது நிமிடத்திலேயே சொல்லிவைப்பது நல்லது.

இனி குறைகள். முதலாவது, இணையவழி ஒளிபரப்பின் தாமதம். திரையில் படம் வருவதற்குள் பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது. குவைத் ஆட்டத்தில் கோலே விழாததால் இது பெரிதாக உறுத்தவில்லை. நேற்றிரவு நியூயார்க்கில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தை, அதாவது 119 ரன்களை வைத்துக்கொண்டு பாகிஸ்தானை 113-இல் கட்டி நிறுத்திய ஆட்டத்தை, இதே சுவரில் பார்த்தபோது ஒவ்வொரு விக்கெட்டும் விழுவதற்கு முன்பே அடுத்த தெருவில் வெடி வெடித்தது. நாளை இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஏனென்றால் கத்தாரிலோ குவைத்திலோ வேலை பார்க்கும் மகனோ மருமகனோ இல்லாத குடும்பம் அந்தத் தார்ப்பாயில் குறைவு. ஒருவருடைய மகன் ஆட்டம் நடக்கும் ஜாசிம் பின் ஹமத் மைதானத்துக்கே நேரில் போகிறாராம். அவர் அங்கிருந்து அழைத்தால் கோல் இங்கே இரண்டு முறை விழும். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் கைப்பேசிகளை எல்லாம் ஒலியடக்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும் என்று கடைக்காரர் விதி வகுத்திருக்கிறார். எத்தனை பேர் பின்பற்றுவார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது: பெண்களுக்கு இங்கே உரிய இடம் இல்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தாழ்வாரத்தின் ஒரு மூலையும், பின்கட்டில் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கழிப்பறையும் மட்டுமே இருக்கும் இடத்துக்கு யாரை அழைத்துப் போவது? பள்ளி அணியில் ஆடும் என் அண்ணன் மகள் வியாழனன்று வர ஆசைப்பட்டாள், அழைத்துப் போகவில்லை. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். தாழ்ப்பாளை மாற்றியிருக்கிறார், மூலை மூலையாகவே இருக்கிறது. வெக்கையைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை. ஜூன் மாதக் கடலோர ஊரில் இரண்டு நின்று சுழலும் விசிறிகள் என்ன செய்யுமோ அதைச் செய்கின்றன. மின்தடைக்கு ஜெனரேட்டர் உண்டு. அது உறுமத் தொடங்கினால் வர்ணனை கேட்காது.

சேத்ரி இல்லாத அணி கத்தாரிடம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் பலகையின் கீழே சாக்கட்டியில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: 2019 செப்டம்பர் 10, தோஹா, 0-0. அதே ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில், அந்த ஆண்டு ஆசியக் கோப்பையை வென்றிருந்த கத்தாரை நம் கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து தனியாளாக நின்று தடுத்த ஆட்டம் அது. அன்றும் சேத்ரி உடல்நலமின்றி ஆடவில்லை. இம்முறை கத்தார் பெரும்பாலும் இளம் வீரர்களை வைத்து ஆடுகிறது. வியாழனன்று அந்த அணி ஆப்கானிஸ்தானை வெல்ல முடியாமல் 0-0 என்று நின்றது. நம் அணியில் சென்னை நந்தகுமார் சேகர் இருக்கிறார். அவர் களமிறங்கினால் ஒரு தட்டு வாடா இலவசம் என்று ஓர் இளைஞர் கூட்டம் கடைக்காரரிடம் வாக்கு வாங்கியிருக்கிறது. இந்தியா இதுவரை மூன்றாம் சுற்றைப் பார்த்ததில்லை. 48 அணிகள் ஆடவிருக்கும் 2026 உலகக் கோப்பையில் ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள் இருந்தும், அந்த வாசலின் அருகே கூட நாம் நின்றதில்லை என்பதால்தான் இந்தப் பேச்சில் இவ்வளவு சூடு இருக்கிறது.

நாளைக்கு ஆளுக்கு 60 ரூபாய் டோக்கன். அதில் இரண்டு வாடாவும் இரண்டு தேநீரும் அடக்கம். எட்டு மணிக்குள் போனால் தார்ப்பாயின் முன்வரிசை கிடைக்கும், ஒன்பதுக்குப் போனால் தூணுக்குப் பின்னால்தான். ஆட்டம் முடிய இரவு பதினொன்றைத் தாண்டும் என்பதால் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பும் வழியை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் டிரா செய்தால் குவைத் ஆட்டத்தின் முடிவு வரும் வரை கடையைச் சாத்தப் போவதில்லை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்காக வழக்கத்தைவிடக் கூடுதலாக ஐந்து கிலோ அரிசி இன்றைக்கே ஊறுகிறது.