த்ரீ நாட் த்ரீ கிளீனிங் செட்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் இணையத்திலும் லீ என்ஃபீல்ட் என்ற த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் இந்த செட் நான்கு சாமான்களோடு வருகிறது: பித்தளை ஆயில் பாட்டில், குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறான புல்த்ரூ, குழல் துடைக்கும் சிந்தித் துணிச் சுருள், துப்பாக்கியைத் தோளில் மாட்டும் காக்கிப் பட்டையான ஸ்லிங். துப்பாக்கி இல்லாமலே லீ என்ஃபீல்ட் சேகரிப்பைத் தொடங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வாசல்தான். ஆனால் நான்கையும் ஒரே விலை பேசி வாங்குவது நஷ்டம். பாட்டிலை எடுக்கலாம். ஸ்லிங்கைச் சோதித்துப் பார்த்தபின் எடுக்கலாம். புல்த்ரூவில் கயிற்று முனையில் உள்ள எடைக்கட்டி மட்டுமே மதிப்புள்ளது. சிந்தி வேண்டவே வேண்டாம்.

விலை பேசுமுன் ஒன்று. .303 என்பது நம் நாட்டில் தனியாருக்குச் சாதாரணமாக உரிமம் கிடைக்காத, தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore, குழல் அளவு). 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதமாகவே எண்ணுகிறது. அதனால் “போல்ட் ஒன்று இருக்கு, மேகஸின் ஒன்று இருக்கு, சேர்த்து எடுத்துக்கோங்க” என்று கடைக்காரர் சொன்னால் கையால் தொடாமல் வந்துவிடுங்கள். தோட்டாவும் அப்படியே, துருப்பிடித்துக் கிடந்தாலும். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயோனெட்டும் ஆயுத விதிகளின் பட்டியலில் இருப்பதுதான். அதை வாங்குமுன் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டில், கயிறு, துணிப்பட்டை என்ற எல்லையோடு நின்றால் நிம்மதியாகச் சேர்க்கலாம்.

இனி பாட்டில். துப்பாக்கிக் கட்டையின் பின்தகட்டில் இருக்கும் சிறு கதவைத் திறந்தால் உள்ளே இதுவும் புல்த்ரூவும் இருக்கும். திருகுமூடியோடு ஒரு சிறு கரண்டி ஒட்டியிருக்கும், மூடிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு தோல் வாஷர். கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம். முதலில் காந்தம்: ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. அடுத்து முத்திரை. பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் அகல அம்புக்குறியோ எழுத்தோ அடித்திருந்தால் பள்ளத்தின் அடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடல் பழுப்பேறியிருக்க, பள்ளத்தின் அடி மட்டும் புதுப் பித்தளையாக மின்னினால் அந்த முத்திரை அண்மையில் விழுந்தது. கடைசியாக நிறம். விற்பதற்காகப் புளி போட்டுத் தேய்த்த பாட்டிலில் அங்கங்கே இளஞ்சிவப்பு தெரியும். புளியின் அமிலம் மேற்பரப்பில் துத்தநாகத்தைக் கரைத்துவிட்டுச் செம்பை விட்டுவைப்பதால் வரும் நிறம் அது, திரும்பப் போகாது. பிராசோ பாலிஷ் போட்டதென்றால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளைத் தூள் காய்ந்திருக்கும். அதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்கலாம், வாங்க மறுக்கும் அளவுக்குப் பெரிதில்லை.

மூடி இறுகியிருந்தால் பிளேயர் போடாதீர்கள். பித்தளை மெல்லியது, பல்தடம் விழுந்தால் போகாது. மண்ணெண்ணெயில் மூடிப் பக்கம் ஒரு ராத்திரி மூழ்கியிருக்கட்டும், பிறகு பாட்டிலைத் தோல் துண்டால் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். செட்டில் வரும் வாஷர் பெரும்பாலும் ஓடுபோல் காய்ந்திருக்கும். செருப்புத் தைப்பவரிடம் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் வாங்கி, பழையதை அளவாக வைத்து வெட்டி, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டால் புது வாஷர் தயார். பழையதை எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. நம் ஊரில் கதவுக் கீல் முதல் அரிவாள் வரை அதைத்தான் தடவுகிறோம் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சிக்கடிக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகும். தோல் வாஷர் தொடும் இடத்தில் ஏற்கெனவே களிம்பு பிடிக்கும் குணம் உண்டு, எண்ணெயும் சேர்ந்தால் திருகுமரையே தின்றுபோகும். களிம்பை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம்.

புல்த்ரூவில் ஒரு முனையில் பித்தளை எடைக்கட்டி, கயிற்றில் மூன்று வளையங்கள். எடைக்கட்டிக்கு அருகில் உள்ளது கம்பிவலைக்கு, நடுவில் உள்ளது சிந்திக்கு, கடைசி வளையம் துணி குழலில் சிக்கினால் திரும்ப இழுப்பதற்கு. என்சிசியில் இருந்தவர்களுக்கு இது மனப்பாடம். செட்டில் வந்த கயிற்றில் இரண்டே வளையம். புதிதாகத் திரித்த கயிற்றில் பழைய எடைக்கட்டியைக் கோத்து, ‘அசல்’ என்று எழுதியிருந்தார்கள். அது ஒரு குறையே. அசல் பழங்கயிறு கிடைத்தாலும் இழுத்துச் சோதிக்காதீர்கள், எண்ணெயில் ஊறி ஊறி நூல் உளுத்துப்போயிருக்கும். சுருட்டிவைக்கப் பருத்தி நூல் போதும். ரப்பர் பேண்ட் போட்டால் அதிலுள்ள கந்தகம் எடைக்கட்டியில் கறுப்பு வளையம் போட்டுவிடும்.

சிந்திக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது. அசல் சிந்தி, ஃபிளானலெட் என்ற மென்துணிச் சுருள், 4 அங்குல அகலம், 2 அங்குலத்துக்கு ஒரு கோடு. கோட்டில் வெட்டினால் சுத்தம் செய்யும் 4×2 துண்டு கிடைக்கும். எண்ணெய் போடுவதற்கு 4×1½. செட்டில் இருப்பது கோடே இல்லாத பனியன் துணி.

ஸ்லிங்கில்தான் கண் அதிகம் வேண்டும். அகலம் ஒன்றேகால் அங்குலம், இரு முனையிலும் பித்தளைக் கவசம். முனைக்குள்ளிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவையுங்கள். காகித வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகிக் குண்டாக உறைந்தால் நைலான் கலந்த புதுச்சரக்கு. கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் நீலமாக ஒளிர்ந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் பழைய பட்டையைச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படி ஒளிரும், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். எம்.இ.கோ என்ற எழுத்தும் ஆண்டும் இருந்தால் அது இங்கிலாந்தின் மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி. நெசவு முரடாகவும் நிறம் வெளுப்பாகவும் இருந்தால் இந்தியத் தயாரிப்பாக இருக்கலாம்.

“ரெண்டாம் உலகப்போர்ச் சாமான்” என்ற பேச்சுக்கு ஆண்டு முத்திரை இல்லாமல் கூடுதல் விலை தராதீர்கள். மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களில் 7.62 மில்லிமீட்டர் 2ஏ1 துப்பாக்கியை லீ என்ஃபீல்டின் இதே உடலமைப்பில்தான் செய்தது. அதற்கும் இதே ஸ்லிங் பொருந்தும். போலீஸ் கையில் த்ரீ நாட் த்ரீ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தது.

பட்டையில் பச்சையோ காக்கியோ பொடி ஏறியிருந்தால் அது அழுக்கில்லை, பட்டாளத்தில் பூசிய பிளாங்கோ. துவைத்தால் சேர்த்த மதிப்பே போய்விடும். மென்பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. குளச்சல், மணக்குடி போலக் கடலோர வீடுகளில் உப்புக்காற்றும் கூட. ரப்பர் வளையம் உள்ள மூடிபோட்ட டப்பாவில் 10 லிட்டருக்கு 50 கிராம் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறியதும் சூடேற்றித் திரும்பப் போடலாம். அந்த ரப்பர் மூடியோடு பித்தளை உரசாமல் பாட்டிலைப் பருத்தித் துணியில் பொதிந்து வைக்கவும். ஸ்லிங்கை மடித்தால் மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். துணி சுற்றிய பிவிசி குழாயில் தளர்வாகச் சுருட்டி, பித்தளை முனை இரண்டையும் பட்டர் பேப்பரில் பொதிந்து வெளியே விடுங்கள்.