கோபியில் எங்கள் கபடிப் பிள்ளைகளை நம்பி அனுப்பும் பிசியோ கிளினிக்

கோபி பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரம். கீழே மருந்துக் கடை, மாடியில் கிளினிக். நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பெண்கள் கபடி டீமில் யாருக்கு அடிபட்டாலும் இங்கேதான் அனுப்புகிறேன். ஏன் அங்கேயே போகச் சொல்கிறீர்கள் என்று பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ரெய்டர் ஒருத்தி. பிளஸ் ஒன் படிக்கும்போது, போனஸ் எடுத்துவிட்டுத் திரும்புகையில் முட்டி திருகிக்கொண்டது. எதிர் டீமில் யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. ஷூ கபடி மேட் விரிப்பில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே டப்பென்று கேட்டது என்று அவளே சொன்னாள். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்துகிற ஏ.சி.எல். என்ற தசைநார் பெரும்பாலும் இப்படித்தான் கிழிகிறது. பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகமாகவும் வருகிறது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கம் ஓர் இடத்துக்குப் பிசியோவுக்குப் போனாள். பத்து சிட்டிங்குக்கு முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டார்கள். போனதும் படுக்க வைப்பார்கள், முட்டியில் கரண்ட் மெஷினை ஒட்டுவார்கள், டைமர் அடித்ததும் அனுப்பிவிடுவார்கள். பத்தும் முடிந்தது. முட்டி முழுசாக நீளவில்லை, தொடை சூம்பிக்கொண்டே போனது.

அப்புறம்தான் இங்கே வந்தாள். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். கிளினிக் நடத்துகிற பிசியோ மேடம் எந்த மெஷினையும் தொடவில்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, முட்டிக்குக் கீழே இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி வைத்து, குதிகால் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். ஆபரேஷன் செய்த கால் நன்றாகவே மேலே நின்றது. பிறகு நிமிர்ந்து படுக்க வைத்து, முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் அளந்து பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டார். தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி இன்ச் டேப். இரண்டு தொடையையும் அந்தக் கோட்டின் மேல் சுற்றி அளந்தார். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். எல்லாவற்றையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி, “போட்டோ எடுத்துக்க அம்மிணி, அடுத்த தடவை நீயே கம்பேர் பண்ணிப் பாரு” என்று அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கால் எந்த நிலைமையில் இருக்கிறது என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் வேலை முட்டியை நேராக்குவது. குதிகாலுக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து, முட்டி தானாகத் தாழும்படி விட வேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவை. அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், தினமும் பஸ் ஏறி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சியை அவள் அப்பாவின் போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்தார். பேக்கேஜ் கிடையாது. ஆரம்பத்தில் அடுத்தடுத்து வரச் சொல்வார், தேறத் தேற இடைவெளியைக் கூட்டுவார். ஒரு சிட்டிங் 300 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 200.

நான் இந்த கிளினிக்கை நம்புவதற்கு முக்கியமான காரணம் அப்புறம் நடந்தது. மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மைதானத்தைச் சுற்றி நன்றாகவே ஓடினாள். அவள் அப்பா கேட்டார்: “ஏனுங் மேடம், வலியே இல்லீங்கறா, வெளையாட உட்டுடலாங்களா?”

“வலி போறது வேறங்க, கால் தாங்கறது வேறங்க” என்று சொல்லிவிட்டு அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். தரையில் அளவு டேப் ஒட்டியிருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் தள்ளாடாமல் நிற்க வேண்டும். நல்ல கால் 140 சென்டிமீட்டர். ஆபரேஷன் செய்த கால் 112. நூற்றுக்கு எண்பதுதான். குறைந்தது தொண்ணூறு வர வேண்டும், அதாவது 126. தூரம் மட்டும் போதாது, தொடை பலமும் அதே அளவுக்குத் தேற வேண்டும் என்றார். ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதமும் ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்னால் களத்தில் இறங்கினால் மறுபடி கிழிகிற ஆபத்து நிறையவே கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்வதை அந்த அப்பாவுக்குப் பொறுமையாக, பயமுறுத்தாமல் விளக்கினார். பிள்ளை அழுதாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, டீமில் அவளுக்கு மாற்று ஆள் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் சரி என்று தலையாட்டி அனுப்புவது எவ்வளவு சுலபம்! அவர் அதைச் செய்யவில்லை. அந்த சீசன் போனது. இப்போது அவள் ஆடுகிறாள். ரெய்டில் திரும்பும்போது முட்டியை உள்பக்கம் விழவிடாமல் மடக்கி இறங்குகிறாள். அதையும் இங்கேதான் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பழக்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் மைதானத்துக்கே வந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். கணுக்கால் பிசகினால் உடனே நீவி விடாதீர்கள், முதலில் எழுந்து நாலு அடி வைக்க முடிகிறதா என்று பாருங்கள் என்றார். முடியாவிட்டாலோ, கணுவின் இரண்டு பக்க எலும்பு முனையை அழுத்தினால் சுரீரென்று வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். ஃபுட்பாலுக்கென்று வந்த ஃபிஃபா 11 பிளஸ் வார்ம்-அப்பில் இருந்து குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, தொடைப் பின்தசைப் பயிற்சி இவற்றை எடுத்துக் கபடிக்குத் தோதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். தினமும் செய்கிறோம்.

விளையாட்டுக் காயம் மட்டும் பார்க்கிற இடம் இல்லை. நாற்று நடுகிற பெண்கள் இடுப்பு வலியோடு வருவார்கள், ஜமக்காளம் நெய்கிறவர்கள் தோள் வலியோடு வருவார்கள். என் சித்தப்பாவுக்கு ஃப்ரோஸன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாது. கை தூக்கச் சொல்வதற்கு முன்னாலேயே சர்க்கரை எவ்வளவு என்று மேடம் கேட்டார், சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும். ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். பக்கவாதம் வந்து படுத்திருக்கிற ஒரு அப்பாருக்காகப் பேரன் விசாரிக்க வந்தபோது, 2021-ல் அரசு தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வார்கள், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தார். தனக்கு வர வேண்டிய காசு அது.

குறைகளும் உண்டு. முட்டி வலிக்காரர்கள் வருகிற இடத்துக்கு மாடிப்படி ரொம்பச் செங்குத்து, லிஃப்ட் கிடையாது. ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்தான். ஆனாலும் வயதானவர்களுக்கு அது போதாது, கீழ்த்தளத்துக்கு மாறியே ஆக வேண்டும். கட்டில்களுக்கு நடுவில் இருக்கிற திரை சரியாக மூடுவதில்லை. வயசுப் பிள்ளைகள் கூசுகிறார்கள். இதை மேடத்திடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம், காலையில் போவது நல்லது. ஞாயிறு விடுமுறை. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும், ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள், இரண்டையும் கேட்பார். முட்டிக்குக் காட்டப் போகிறவர்கள் தொடைவரை ஏற்றிவிட முடிகிற தொளதொள பேன்ட் போட்டுப் போங்கள்.