ஏழாம் மாதமா, எட்டு வாரமா, கடைசி வரையா?

வயிற்றுப்பிள்ளையோடு வேலைக்குப் போகும் பெண் எப்போது நிறுத்துவது என்று கேட்டால் குமரி மாவட்டத்தில் மூன்று பதில் கிடைக்கும். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதோடு நின்றுவிடு என்பாள் அம்மா. தேதிக்கு எட்டு வாரம் முன்பு லீவு எழுதிக் கொடு என்பார்கள் அலுவலகத்தில். முடிகிற வரை போ, லீவு பிள்ளை பிறந்த பிறகுதான் தேவைப்படும் என்பாள் ஏற்கெனவே பெற்ற மைனி (அண்ணி). மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் சொல்லும் எந்தப் பதிலையும் நான் நம்ப மாட்டேன்.

முதலில் கணக்கு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்குப் பணம் அங்கிருந்து வரும், நிபந்தனை கொஞ்சம் வேறு.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரசவம் 40-ஆவது வாரத்தில் என்று வைத்துக்கொள்வோம். அம்மா சொல்கிறபடி ஏழாம் மாதம், அதாவது 28-ஆவது வாரத்தில் நிறுத்தினால், 32 வரையிலான நான்கு வாரம் இந்த விடுப்பில் சேராது. வேறு லீவு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. 32-இல் நிறுத்தினால் பிரசவத்துக்குப் பின் 18 வாரம் மிஞ்சும். நாலு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். 38 வரை போனால் 24 வாரம் கையில் இருக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க நினைப்பவளுக்கு இந்த ஆறு வார வித்தியாசம் மிகப் பெரிது. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் என்பதால் அரசுப் பள்ளி டீச்சருக்கு இந்த நெருக்கடி இல்லை. தனியார் பள்ளி டீச்சருக்கு உண்டு.

உட்கார்ந்து பார்க்கும் வேலை, சிக்கல் இல்லாத கர்ப்பம், டாக்டரும் சரி என்கிறார் என்றால் நான் மைனி பக்கம்தான். 36, 37 வாரம் வரை போகலாம். ஆனால் பயணத்தையும் வேலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய்வருகிறவளுக்கு நாற்காலி வேலை இலகு, கூட்டத்தில் நின்றபடி போகும் ரயில்தான் பாரம். அவள் கடைசி இரண்டு மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் 34-ஓடு நிறுத்துவது நல்லது.

அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) கதை வேறு. முந்திரி உடைக்கிறவள் நாள் முழுக்கக் குத்தவைத்து இருக்கிறாள், தோட்டின் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடுகிறது, கூலியோ எடைக்கு. நாகர்கோவில் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்குக் கால் நீர் கோத்துக்கொள்கிறது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. இருக்கை இருந்தும் உட்கார விடாத கடைகள் இன்னும் உண்டு. இவர்களிடம் முடிகிற வரை போ என்று சொல்ல எனக்கு மனம் வராது. நெடுநேரம் நிற்பதும் பாரம் தூக்குவதும் இரவு ஷிப்டும் குறைமாதப் பிரசவ வாய்ப்பைக் கொஞ்சமாவது கூட்டுகின்றன.

அதற்காக உடனே வேலையை விட வேண்டும் என்றும் இல்லை. அம்மாவும் அலுவலகமும் மைனியும் சொல்லாத நாலாவது வழி ஒன்று இருக்கிறது: வேலையை மாற்றிக் கேட்பது. பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் முன்பு என்று ஒரு கோடு போட்டால், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில், அவள் கேட்டால், சட்டப்படி கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக் கூடாது. அந்த ஆறு வாரத்திலும் அவள் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தால் இதே பாதுகாப்பு உண்டு. இலகுவான வேலை கொடுத்தேன் என்று சம்பளத்தையும் பிடிக்கக் கூடாது. உடைப்பிலிருந்து தரம் பிரிக்கும் மேசைக்கு, கடைத் தளத்திலிருந்து பில் போடும் இடத்துக்கு மாறலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வாயால் கேட்டது யாருக்கும் நினைவில் நிற்காது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கூலிக்காரிக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் விடுப்புப் பணம், லீவுக்கு முந்தைய மூன்று மாதச் சராசரிக் கூலியை வைத்துத்தான் கணக்கிடப்படும். முடியாமல் முடியாமல் கடைசி வரை போய்க் குறைவாக உடைத்தால் அந்தச் சராசரி இறங்கும், 26 வாரப் பணமும் சேர்ந்து இறங்கும். அவளுக்கு எட்டு வாரமே மேல்.

குலசேகரம் பக்கம் சிறு ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. விடுப்பு தர முதலாளி என்று யாரும் இல்லை. சரிவில் மழை ஈரம், இருட்டு, கையில் பால் வாளி. அவள்தான் எல்லாருக்கும் முன்னால் நிறுத்த வேண்டியவள், நிறுத்த வசதி இல்லாதவளும் அவளே. அவளுக்குக் கைகொடுப்பது தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. தவணைப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து ரூ.18,000 என்று வகுக்கப்பட்ட திட்டம் அது. நாள் தள்ளியதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிட வேண்டும்.

உதிரப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, நீர் கசிவது, பிள்ளை அசைவு குறைவது: இதில் ஒன்று வந்தாலும் எந்த வாரம் என்று பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும், டாக்டர் சொல்லும் வரை வேலை பக்கம் திரும்பக் கூடாது.

அப்புறம், ஏழாம் மாத அழைப்பையும் வேலையை நிறுத்துவதையும் ஒரே முடிச்சில் கட்ட வேண்டியதில்லை. நம் மாவட்டம் சின்னது. மாமியார் வீடு தக்கலையிலும் தாய்வீடு கருங்கலிலும் என்றால், ஞாயிற்றுக்கிழமை அழைப்பை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை அம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு அங்கிருந்தே வேலைக்குப் போகலாம். ஆஸ்பத்திரி மாறினால் மட்டும் செக்கப் அட்டையையும் ஸ்கேன் தாள்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.